இடத்தையும் பொழுதையும் புடிங்க, படம் தானா வரும்: சென்னையில வரைஞ்சும் எடுத்தும் கத்துக்கிட்டது

நேச்சர் போட்டோன்னு பேச்சை எடுத்தாலே வால்பாறை போலாமா, மசினகுடி போலாமான்னுதான் நம்ம ஊர்ல ஆரம்பிப்பாங்க. போனா நல்லாத்தான் இருக்கும், வேணாம்னு சொல்லல. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டு ஓடிப்போய் பாத்துட்டு வர்ற இடத்துல, எல்லாரும் நிக்குற அதே வியூ பாயின்ட்ல நின்னு எல்லாரும் எடுக்குற அதே படத்தைத்தான் எடுத்துட்டு வருவோம், நமக்குன்னு ஒரு பார்வை வர்றதுக்கு அந்த ரெண்டு மூணு நாள் பத்தாது. எனக்கு வரையறதுக்கும் படம் எடுக்கறதுக்கும் தீனி போட்டது இந்த சென்னைதான். வேளச்சேரியில குடியிருந்துக்கிட்டு ஓஎம்ஆர்ல நைட் ஷிஃப்ட் பாத்துக்கிட்டே கிடைச்ச நேரத்துல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். "இங்க என்னப்பா இருக்கு, வெயிலும் ட்ராஃபிக்கும்தான்"னு நெனைக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, உங்களுக்காகத்தான் முக்கியமா எழுதுறேன்.

ஷிஃப்ட் முடிஞ்சு விடியக்காலைல கேப்ல வர்றப்ப துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு வழியாத்தான் வரும், ரெண்டு பக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கேப்ல எல்லாரும் அசந்து தூங்குவாங்க, நான் ஜன்னலோரம். ஷிஃப்ட் முடியுற நேரம் மாறாது, ரோடும் மாறாது, அதனால வருஷம் பூரா அதே இடத்தை அதே நேரத்துல பாக்குற மாதிரி அமைஞ்சுபோச்சு. ஜனவரியில பனி எறங்கி சம்புப்புல்லோட நுனி மட்டும் தெரியும், மே மாசம் தண்ணி வத்தி சேறு பாளம் பாளமா வெடிச்சு கெடக்கும், நவம்பர்ல தண்ணி ரோட்டோரம் வரைக்கும் ஏறி நின்னு ஒவ்வொரு மின் கம்பமும் தலைகீழா தண்ணிக்குள்ள தெரியும். நான் எதையும் தேடிப் போகல. இடமும் நேரமும் நிலையா இருந்ததால மாறுறது எல்லாம் கண்ணுல பட ஆரம்பிச்சுது, அவ்வளவுதான்.

ஸ்கூல்ல ஐந்திணை எல்லாரும் படிச்சிருப்போம், மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு விட்டிருப்போம். அதுல முதற்பொருள்னு எதைச் சொல்றாங்கன்னா நிலமும் பொழுதும். பறவை, மரம், பூ, மக்களோட தொழில் எல்லாம் அதுக்கு அப்புறம்தான், கருப்பொருள்ல வரும். ஒவ்வொரு நிலத்துக்கும் பெரும்பொழுது, சிறுபொழுதுன்னு தனித்தனியா வேற வெச்சிருக்காங்க, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயுற நேரம். பாட்டு எழுதறதுக்கு வெச்ச வரிசை அது, ஆனா கேமராவையோ ப்ரஷ்ஷையோ கையில வெச்சிருக்குறவங்களுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பாக்கல. "இன்னிக்கு மீன்கொத்தி எடுக்கணும்"னு கெளம்பினா மீன்கொத்தி வரலைன்னா அன்னிக்கு பொழப்பு போச்சு. "இன்னிக்கு ஆறு மணிக்கு ஏரிக்கரைல ஒக்காரணும்"னு கெளம்பினா ஏதாவது ஒண்ணு கிடைக்காம திரும்பவே முடியாது.

அதனால மொதல்ல வீட்டுல இருந்து சட்டுனு போய் வர்ற தூரத்துல ஒரு இடம் முடிவு பண்ணுங்க. சேத்துப்பட்டு ஏரி, போரூர் ஏரி, அண்ணா நகர் டவர் பார்க், நன்மங்கலம் காடு, இல்ல தெரு முனைல இருக்குற தூங்குமூஞ்சி மரம், எதுவா இருந்தாலும் சரி. அப்புறம் உங்களால விடாம போக முடியுற ஒரு நேரம். பெட்ரோல் செலவு, பார்க்கிங், வீட்டுல பேச்சு வாங்காம இருக்குறது எல்லாத்தையும் யோசிச்சு முடிவு பண்ணுங்க, ஏன்னா தூரமான இடம்னா ரெண்டாவது மாசமே நின்னுரும்.

நேரத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்கதான் நெறைய பேரு யூடியூப் பாத்து ஏமாந்து போறாங்க. கோல்டன் ஹவர்னு அவங்க சொல்றது ஐரோப்பாவுல, வடக்க இருக்குற ஊர்கள்ல ரொம்ப நேரம் நிக்குற சாய்வு வெளிச்சம். சென்னை இருக்குறது ஏறக்குறைய 13 டிகிரி வடக்குல, நமக்கு சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா மேல ஏறும். மணிக்கு 15 டிகிரி கணக்குல ஏறுறதால உதிச்சு அரை மணி நேரத்துலயே அந்த மஞ்சள் வெளிச்சம் பெரும்பாலும் போயிரும், ஒரு மணி நேரத்துல நிழல் எல்லாம் கறுத்துரும். அதனால சூரிய உதயம் 6 மணின்னா 5:30க்கே அங்க போய் ஒக்காந்திருக்கணும், உதயத்துக்கு முன்னாடி வர்ற அந்த சாம்பல் கலந்த நீல வெளிச்சத்தை நான் உதயத்தைவிட உசத்தியா நெனைக்கிறேன். இன்னொண்ணு, உதய நேரம் வருஷம் பூரா ஒண்ணில்ல, மே கடைசியில 5:40 வாக்குல, ஜனவரி கடைசியில 6:35 வாக்குல. ஜனவரிதான் சோம்பேறிகளுக்கு நல்ல மாசம்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லுவான், அவன் சொல்றது சரிதான்.

கடற்கரை பக்கம் இருக்குறவங்களுக்கு நம்ம ஊரு ஒரு பெரிய வசதி பண்ணி வெச்சிருக்கு. சூரியன் கடல்ல இருந்து வருது, நாம கரைல நிக்குறோம், நடுவுல அலை. அதாவது காலைல ஒவ்வொரு அலைக்கும் பின்னாடி இருந்து வெளிச்சம். பெசன்ட் நகர்லயோ திருவான்மியூர்லயோ உதயம் ஆகி ஒரு பத்து இருபது நிமிஷத்துல முட்டி போட்டு ஒக்காந்து பாருங்க, அலை எழும்பி உடையறதுக்கு சரியா முன்னாடி அதோட மேல் விளிம்பு மெலிசாகும், அந்த இடத்துல வெளிச்சம் ஊடுருவி பாட்டில் பச்சையா ஒரு பட்டை தெரியும், அதுக்குள்ள மிதக்குற மணல் துகள்கூட தெரியும், ஒரு செகண்டுகூட இருக்காது, ஒடைஞ்சு வெள்ளை நுரையாயிரும். நின்னுக்கிட்டு பாத்தா அது தெரியவே தெரியாது, கண்ணு அலையோட உயரத்துக்கு வரணும். ஷட்டர் வேகத்தை 1/1000 செகண்டு, இல்ல அதைவிட வேகமா வெச்சு தொடர்ச்சியா எடுத்தா கிடைச்சுரும். போன்லன்னா பர்ஸ்ட் மோடு, வெளிச்சத்தை ஒரு கோடு கொறைச்சுக்கோங்க.

ஆனா எல்லா நாளும் அந்தப் பச்சை வராது, ஏன் வரலைன்னு எனக்கு சொல்லிக்கொடுத்தது ஊரூர் குப்பத்துல வலை காய வெச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன். "இன்னா தம்பி, தண்ணியவே புட்ச்சினுகீற?"ன்னு கேட்டாரு. அலை கலரு சரியா வரலைண்ணேன்னேன். "கொண்டல் அட்ச்சா கலங்கிதான் கெடக்கும். மேக்காத்து வுடுற அன்னிக்கு வா, கடலு தட்டையா கெடக்கும், அப்ப பாரு"ன்னாரு. கடல்ல இருந்து கரைக்கு வர்ற கெழக்குக் காத்து அலையைக் கலைச்சு மணலைக் கிளப்பி விட்டுரும், கரையில இருந்து கடலுக்குப் போற மேல்காத்து அலையோட முகத்தை வழவழன்னு நிக்க வெக்கும். அதுக்கப்புறம் நான் கெளம்புறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பாக்காம கெளம்பறதில்ல. பொழுது, இடம்னு சொன்னேனே, காத்து அதுல மூணாவது.

அதே கரைல தண்ணி எறங்கி ஈர மணல் தட்டையா கெடக்குறப்ப குனிஞ்சு பாருங்க. பட்டாணி அளவுகூட இல்லாத நண்டுங்க வளையில இருந்து வெளிய வந்து மணலை வாயில போட்டு, அதுல ஒட்டியிருக்குற சத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை உருண்டை உருண்டையா பின்னாடி தள்ளி விட்டுக்கிட்டே போகும், வளையை நடுவுல வெச்சு நாலா பக்கமும் வரிசை வரிசையா உருண்டை, பாத்தா வாசல்ல போட்ட புள்ளிக் கோலமேதான். காலை வெளிச்சம் சாய்வா விழறப்ப ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு குட்டி நிழல் இருக்கும், எட்டு மணிக்கு மேல அந்த நிழல் சுருங்கி படம் தட்டையாயிரும். நேர் மேல இருந்து போன்ல எடுத்தாலே போதும். நான் இதைப் படமா எடுத்ததைவிட பேனாவுல வரைஞ்சதுதான் அதிகம், ஒரு பக்கம் முழுக்க சும்மா புள்ளிகளா வெச்சுக்கிட்டே போனா எங்க நெருக்கம் எங்க இடைவெளின்னு கை கத்துக்கும். வீட்டுல ஒரு தலையணை உறைக்கு ப்ளாக் பிரிண்ட் டிசைன் பண்ணப்ப அந்தப் பக்கத்துல இருந்துதான் எடுத்தேன்.

வாட்டர்கலர் பண்றவங்களுக்கு ஒரு விஷயம். செருலியன் ப்ளூவை ட்யூப்ல இருந்து அப்படியே எடுத்து பூசினா அது கேரளா கோவளம் போஸ்ட்கார்டு, நம்ம கடல் இல்ல. கரையோரம் மணல் கலந்த பழுப்பு, அதுக்கு அப்பால சாம்பல் பச்சை, தொடுவானத்துகிட்ட கருநீலம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தா நல்ல சாம்பல் வரும், அதுல துளி யெல்லோ ஓக்கர் விட்டா கரையோரத் தண்ணி வந்துரும். இந்த மூணு கலரை மட்டும் வெச்சுக்கிட்டு கடலை வரையுங்க, பெட்டி நெறைய கலர் இருந்தா கண்ணு பாக்குறதை நிறுத்திட்டு பேரைத் தேட ஆரம்பிச்சுரும்.

சாயங்காலம் கடற்கரைக்கு போறவங்க சூரியன் மறையறது ஊருக்குள்ள பில்டிங்குக்கு பின்னாடிதானேன்னு கவலைப்படுவாங்க. திரும்பி கிழக்கப் பாருங்க. சூரியன் மறைஞ்சதும் கடலுக்கு மேல ஒரு மங்கின நீலப் பட்டை எழும்பும், அதுக்கு மேல ரோஸ் கலர்ல இன்னொரு பட்டை. அந்த நீலப் பட்டை பூமியோட நிழல், வானத்து மேல விழுது. கொஞ்ச நேரத்துல ரெண்டும் கரைஞ்சு போயிரும். பௌர்ணமியை ஒட்டின நாள்ல போனீங்கன்னா அந்தப் பட்டைக்குள்ள இருந்தே நிலா வரும். படத்துக்கு எனக்குப் புடிச்சது பௌர்ணமிக்கு முந்தின சாயங்காலம்தான், ஏன்னா நிலா சூரியன் மறையறதுக்கு முன்னாடியே வந்துரும், கரைல வெளிச்சம் இருக்கும், படகும் தெரியும் நிலாவும் வெள்ளைப் பொட்டா வெந்து போகாம அதுக்குள்ள இருக்குற கறையோட வரும்.

திரும்ப பள்ளிக்கரணைக்கு வர்றேன், ஏன்னா என் மனசு அங்கதான் இருக்கு. பவளக்காலி, கூழைக்கடா, சாம்பல் நாரை, சீசன்ல பூநாரைன்னு எல்லாம் வரும், பூநாரை வந்துருச்சுன்னா ரோட்டோரம் பெரிய பெரிய லென்ஸோட கூட்டம் நிக்கும். எனக்கு அங்க ஆசான் நீலத்தாழைக்கோழிதான். தெனமும் இருக்கும், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அது சம்பு சாப்பிடுறதை கவனிச்சிருக்கீங்களா? தண்டை அலகால கடிச்சு இழுக்கும், அப்புறம் அந்த நீளமான சிவப்பு வெரல்களால தண்டைப் புடிச்சு தூக்கி வாய்கிட்ட கொண்டுபோய் உள்ள இருக்குற வெள்ளைக் குருத்தை உரிச்சு உரிச்சு தின்னும், ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டே. கழுத்து நீலம்னு நெனைச்சு நீலம் பூச முடியாது, தலையைத் திருப்புறப்ப ஊதா, அடுத்த நொடி பச்சை கலந்த நீலம், நெத்தியில அந்த சிவப்புக் கவசம் மட்டும் மாறாம இருக்கும். சாய்வா வெளிச்சம் விழுந்தாத்தான் இதெல்லாம், மேகமூட்டத்துல அது ஒரு கருப்புக் கோழி.

பறவை வரையறதுல எனக்கு வேலை செஞ்ச வழி இதான்: ஒரே பக்கத்துல நாலஞ்சு படம் ஒரே நேரத்துல ஆரம்பிக்கிறது. பறவை ஒரு நிலையில இருக்குறப்ப முதுகுக் கோடு, கழுத்துக் கோடு மட்டும் போட்டுருவேன். அது நகர்ந்துட்டா அழிக்காம பக்கத்துல அடுத்த நிலையை ஆரம்பிச்சுருவேன். எந்தப் பறவையும் ஒரே நாலஞ்சு நிலைக்குத்தான் திரும்பத் திரும்ப வரும், வர்றப்ப அந்தந்த படத்துக்குப் போய் விட்ட இடத்துல இருந்து தொடர வேண்டியதுதான். இதைப் பழக கிண்டி சிறுவர் பூங்கா நல்ல இடம், பக்கத்துலயே இருக்கும், ஓடிப்போகாது.

படம் எடுக்குறதுல சதுப்பு நிலத்துல எல்லாரும் மாட்டுற இடம் கொக்கு. பின்னாடி கரும்பச்சை சம்பு, முன்னாடி வெள்ளைக் கொக்கு, கேமரா கரும்பச்சையைப் பாத்து வெளிச்சத்தை ஏத்திரும், கொக்கு மேல ஒரு இறகுகூட தெரியாம வெள்ளைப் பேப்பரா வரும். எக்ஸ்போஷரை மைனஸ் 1 பக்கம் கொண்டுபோங்க, போன்ல கொக்கு மேல விரலை அழுத்திப் புடிச்சு லாக் பண்ணிட்டு கீழ இழுங்க. பின்னாடி இருக்குறது கறுத்துப் போனா போகட்டும், வெள்ளை போச்சுன்னா திரும்ப கொண்டுவரவே முடியாது. பறக்குறதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000. போன் வெச்சிருக்கீங்கன்னா பறவையை ஜூம் பண்ணி இழுக்காதீங்க, சம்பு, தண்ணில விழற பிம்பம், சேத்துல பதிஞ்ச கால் தடம், தூரத்துல வரிசையா பறக்குற கூட்டம், இதெல்லாம் போனுக்குன்னே இருக்கு. மொத வருஷம் போனே போதும்னுதான் நான் யாருக்கும் சொல்வேன்.

இங்க ஒரு விஷயத்துல எனக்கு உறுதியான கருத்து உண்டு. பள்ளிக்கரணையை 2022ல ராம்சார் தளமா அறிவிச்சாங்க, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அர்த்தம். அதே இடத்துக்கு ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு, இன்னொரு பக்கம் கண்ணாடி வெச்ச ஐடி கட்டடங்கள். நெறைய பேரு பூநாரையை மட்டும் க்ராப் பண்ணி, பின்னாடி இருக்குறதை மங்கலாக்கி, எந்த ஊருன்னே தெரியாம ஒரு படம் போடுவாங்க. தயவு செஞ்சு பின்னாடி இருக்குறதையும் சேத்து எடுங்க. லென்ஸ் துவாரத்தை சின்னதாக்கி எஃப் 8, எஃப் 11 வெச்சு எடுங்க, கட்டடம் தெரியட்டும், குப்பை லாரி தெரியட்டும். அந்தப் பறவை எவ்வளவு இடத்தை இழந்து எவ்வளவு இடத்துல நிக்குதுன்னு அந்த ஒரு படம் சொல்லும். இருவது வருஷம் கழிச்சு பாக்குறவங்களுக்கு தனியா நிக்குற பறவைப் படத்தைவிட இதுதான் வேணும்.

கேமராவை வெளிய எடுக்குறதுக்கு முன்னாடி பென்சிலை எடுங்கன்னு யார்கிட்ட பேசினாலும் சொல்வேன். போனதும் ஒரு பத்து நிமிஷம் சும்மா ஒக்காருங்க. சட்டைப் பையில அடங்குற நோட்டு, ஒரு 2பி பென்சில். மேல நேரம், காத்து, வெளிச்சம் எந்தப் பக்கம்னு எழுதுங்க. அப்புறம் தீப்பெட்டி அளவுல மூணு கட்டம் போட்டு, ஒவ்வொண்ணுலயும் எதிர்ல தெரியறதை கருப்பு, சாம்பல், வெள்ளை மூணே அளவுல நிரப்புங்க, இலை வரையக்கூடாது, கண்ணு வரையக்கூடாது, பெரிய பெரிய திட்டு மட்டும். மூணுல எது நிக்குதோ அதைத்தான் கேமராவுல எடுக்கணும். இப்படிப் பண்ண ஆரம்பிச்சா நூத்துக்கணக்குல எடுத்துட்டு வந்து ராத்திரி அழிக்கிற வேலை இருக்காது.

இதுல எனக்கு முன்னோடின்னா மா. கிருஷ்ணன். 1912ல பொறந்து 1996ல மறைஞ்சவரு, மயிலாப்பூர்ல வாழ்ந்தவரு. காட்டு யானைகளை கருப்பு வெள்ளையில எடுத்தவருன்னு போட்டோ எடுக்குறவங்களுக்குத் தெரியும், பாகங்களைச் சேத்து தானே அமைச்ச கேமராவைத் தூக்கிக்கிட்டு காடு காடா அலைஞ்சவரு. ஆனா அவரு நல்லா வரையவும் செய்வாரு, தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் எழுதுவாரு, 1950ல இருந்து கடைசி வரைக்கும் விடாம பேப்பர்ல தொடர் கட்டுரை எழுதினாரு. அதுல யானை, காட்டெருமைக்கு சமமா காக்காவும் அணிலும் வீட்டுப் பக்கத்து ஜீவன்களும் வரும். அவரோட கருப்பு வெள்ளைப் படங்களைப் பாத்தா வரைஞ்சு பழகின கண்ணுன்னு தெரியும், எங்க கருப்பு நிக்கணும், எங்க வெள்ளை விழணும்னு. போன்ல கருப்பு வெள்ளை மோடுல ஒரு மாசம் எடுத்துப் பாருங்க, கலரு இல்லாதப்ப வெளிச்சம் எப்படி விழுதுன்னு மட்டும்தான் பாக்க முடியும்.

மத்தியான வெயில்ல ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு சொல்லுவாங்க. எடுக்கலாம். ஏப்ரல் கடைசி வாரத்துலயும் ஆகஸ்ட் நடுவுலயும் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வரும், அந்த நாள்ல நடுப்பகல்ல கம்பத்துக்கு நிழலே விழாது. மத்த நாள்லயும் மத்தியானம் மரத்தடிக்குப் போய் தரையைப் பாருங்க, இலை இடுக்குல விழற வெளிச்சம் எல்லாம் வட்ட வட்டமா இருக்கும். இடுக்கு எந்த வடிவமா இருந்தாலும் வட்டம்தான் விழும், ஏன்னா ஒவ்வொண்ணும் சூரியனோட பிம்பம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தப்ப அதே வட்டங்கள் எல்லாம் பிறை பிறையா மாறி விழுந்துச்சு, பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாட்டர்கலர்ல இதைப் பண்றதுக்கு வெள்ளையைப் பூசக்கூடாது, பேப்பரை அப்படியே விட்டுட்டு சுத்தி நிழலை மட்டும் பூசணும்.

வெளிய போகவே நேரம் இல்லாதவங்க தெருவுல விழுந்து கெடக்குற ஒரு இலையை எடுத்துட்டு வாங்க. என்னோட சிபாரிசு வாதாங்கொட்டை மரத்து இலை. சென்னையில இலை செவக்குறதைப் பாக்கணும்னா அந்த மரம்தான், உதிர்றதுக்கு முன்னாடி முழு மரமும் செவந்துரும், ஜனவரி பிப்ரவரியில தெருவெல்லாம் விழுந்து கெடக்கும். ஒரு இலையை மேஜை மேல வெச்சுப் பாருங்க: நடு நரம்புகிட்ட இன்னும் பச்சை மிச்சம் இருக்கும், அதுல இருந்து மஞ்சள், விளிம்புல அடர் சிவப்பு, புழு கடிச்ச ஓட்டையைச் சுத்தி மட்டும் ஒரு கரும்பழுப்பு வளையம். கெட்டியான 300 ஜிஎஸ்எம் பேப்பரை நனைச்சு மஞ்சளை மொதல்ல விட்டு, ஈரம் காயறதுக்குள்ள கிரிம்ஸனை விளிம்புல இருந்து தொட்டு விட்டா அதுவே பரவிக்கும். மழைக்காலத்துல நம்ம ஊரு ஈரக் காத்துல பேப்பர் காயவே ரொம்ப நேரம் ஆகும், இந்த மாதிரி ஈரத்துல பண்ற வேலைக்கு அது வசதி. மே மாசம் மொட்டை மாடியில ஒக்காந்து பண்ணா பூசி முடிக்கறதுக்குள்ள காஞ்சுரும்.

இப்படி ஒவ்வொரு மாசத்துக்கும் தெரு மரங்களே ஒரு வரிசை வெச்சிருக்கு, புங்கை தளிர் விடுறது, வேப்பம்பூ உதிர்றது, சரக்கொன்றை தொங்குறது, இயல்வாகை ரோடு முழுக்க மஞ்சளாக்குறது, மயில்கொன்றை செவப்பு. எது எப்ப வருதுன்னு உங்க தெருவுக்குன்னு குறிச்சு வெச்சா அடுத்த வருஷம் எப்ப எங்க நிக்கணும்னு தெரிஞ்சுரும்.

வடிவம் பத்தி கத்துக்க எனக்கு உதவினது அடையாறு ஆலமரம். பிரம்மஞான சபை வளாகத்துக்குள்ள இருக்கு, உள்ள போறதுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, கேமராவுக்கு அனுமதி உண்டான்னு வாசல்ல கேட்டுக்கோங்க. 1989ல வந்த புயல் காத்துல அதோட தாய் மரம் சாஞ்சுருச்சு, இப்ப நிக்குறது எல்லாம் விழுதுங்கதான். அதாவது நடு இல்லாத ஒரு மரம். எங்க இருந்து வரைய ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது, பாத்தவுடனே ஒரு பக்கம் ஒதுங்கி ஒரே ஒரு விழுதும் அதுக்குப் பின்னாடி இருக்குற வெற்று இடமும் மட்டும் வரையுங்க. விழுதை வரையாம விழுதுகளுக்கு நடுவுல தெரியுற வெளிச்சத்தோட வடிவத்தை வரைஞ்சா இன்னும் நல்லா வரும். அங்க பழகினதுக்கு அப்புறம் ஈசிஆர்ல சோழமண்டலத்துக்குப் போங்க, 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்கள் சேந்து ஈஞ்சம்பாக்கத்துல உருவாக்கின ஊரு, பாத்திக், அதாவது மெழுகு வெச்சு துணில சாயம் போடுற வேலை, பண்ணி வித்து அந்தக் காசுல ஓவியம் வரைஞ்சவங்க. மரத்தை மரமாவே வரையணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, அதுல இருந்து கோட்டையும் கனத்தையும் எடுத்துக்கிட்டு வேற ஒண்ணு பண்ணலாம்னு அங்க ஒரு மத்தியானம் சுத்தினாலே தைரியம் வரும்.

எடுக்கக்கூடாத இடமும் உண்டு. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைங்க நம்ம கரைக்கு முட்டை வெக்க வரும். 1988ல இருந்து ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் பசங்க நீலாங்கரை பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி நடந்து முட்டைகளைக் காப்பாத்துறாங்க, பொதுமக்களும் கூட நடக்கலாம். அங்க ஃப்ளாஷ் கூடாது, டார்ச் கூடாது, வெளிச்சம் ஆமையோட திசையைக் கெடுத்துரும். கேமராவை வீட்டுலயே வெச்சுட்டு போங்க. இருட்டுல பாத்ததை ஞாபகத்துல வெச்சு வீட்டுக்கு வந்ததும் தூங்கறதுக்கு முன்னாடி வரையுங்க, ஆமையோட துடுப்பு மணல்ல விட்ட தடம், அது மூச்சு விடுற விதம், எல்லாம் எவ்வளவு தெளிவா ஞாபகம் வருதுன்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். பறவைக் கூடும் அப்படித்தான், கிட்ட போய் எடுத்தா தாய் கூட்டை விட்டுட்டுப் போக வாய்ப்பு இருக்கு, இடத்தையும் யாருக்கும் ஷேர் பண்ணாதீங்க.

கடைசியா சாமான்களைப் பத்தி. ஏசி ரூம்ல இருந்த கேமராவை அப்படியே வெளிய எடுத்தா நம்ம ஊரு ஈரக் காத்துல லென்ஸ் உடனே வேர்த்துரும், தொடைச்சாலும் திரும்பத் திரும்ப வேர்க்கும். ராத்திரியே ஏசி இல்லாத ரூம்ல வெச்சுருங்க, முடியலைன்னா ஜிப்லாக் கவர்ல போட்டு மூடி எடுத்துட்டு போய் அரை மணி நேரம் கழிச்சு கவரைத் திறங்க. கடற்கரைல எடுத்துட்டு வந்தா உப்பு படிஞ்சிருக்கும், மொதல்ல ப்ளோயரால மணலை ஊதிட்டு அப்புறம்தான் ஈரத் துணியால பாடியைத் தொடைக்கணும், நேரா தொடைச்சா கீறல் விழும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை சீசன்ல லென்ஸை தோல் பையில பூட்டி வெக்காதீங்க, ஃபங்கஸ் வந்துரும். காத்து புகாத ப்ளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வெச்சா போதும், நீல ரகம்னா ஈரம் இழுத்ததும் ரோஸா மாறும், அப்ப மாத்திருங்க. அந்த நீல ரகத்தை மட்டும் சமையல் பாத்திரத்துல போட்டு வறுக்காதீங்க, நல்லதில்ல.